பிடித்த கை ஏன் விடுவதில்லை?

நிவித்திகலைப் பகுதித் தோட்டங்களிலே மின்சாரத்தால் தாக்குண்ட ஒருவரைப் பற்றிப் பேசும்போது இருவகையான வார்த்தைகள் வழங்கக் கேட்கலாம். "கரண்ட் அடித்துவிட்டது" என்பர் சிலர். "கரண்ட் பிடித்துக்கொண்டது" என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் ஒரே பொருளைக் குறிக்கும் இரு சொற்கள் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கின்றோம். சற்று ஆழ்ந்து நோக்கினால் அவை இருவேறு நிகழ்ச்சிகளைக் குறிக்கின்றன என்பது புலப்படும். மின்சாரம் அடித்தவன் தூர விழுகிறான். மின்சாரம் பிடித்தவன் கம்பியோடு ஒட்டி நிற்கிறான். விழுந்தவனுக்குக் காயம் படலாம். ஆயினும் மின்சாரத்தின் பிடியிலிருந்து அவன் தப்பிவிட்டான். ஒட்டி நிற்பவனுக்கோ கழிகின்ற ஒவ்வொரு வினாடியும் யமனுக்குக் கொடுக்கும் தவணையாகும்.

ஒரே மின்சாரம் ஒருவனைத் தூக்கி எறிவதும், இன்னொருவனை விடாது பற்றிக்கொள்வதும் எவ்வாறு? மின்சாரத்துக்குக் கையுமில்லை, காலுமில்லை. காந்தம் இரும்பைக் கவர்வது போல அது மனிதனைக் கவர்வதுமில்லை. எறிவதும் பிடிப்பதும் அவனவனுடைய சொந்தத் தசைகளே! இவ்வுண்மையை அறிந்துகொள்வது பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்க்கு மட்டும் உரிய காரியமன்று; அடுப்படியில் நிற்கும் தாய்மார்க்கும், மாணிக்கக் குழியில் இறங்கும் தொழிலாளர்க்கும் உயிர்காக்கும் அறிவாகும். ஆகவே இவ்வாரம் அதைச் சிறிது விரிவாக ஆராய்வோம்.

ஈரமும் மின்சாரமும்

இரத்தினபுரி மாவட்டம் நம் நாட்டிலே மிகுந்த மழை பெறும் பிரதேசங்களுள் ஒன்று. இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பொழிகிறது. இந்த மழையே இறப்பரையும் தேயிலையையும் செழிக்கச் செய்கிறது, களுகங்கையை நிரப்புகிறது. மலையிலே பெய்யும் மழைதான் நமக்கு மின்சாரமாகவும் திரும்பி வருகிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர கனவு கண்ட லக்ஷபான நீர்மின் திட்டம் 1950ஆம் ஆண்டிலே ஒளி தரத் தொடங்கிற்று. ஆயினும் அந்த ஒளி மலைகளைத் தாண்டி நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்த பின்னரும் தோட்டத்து லயன்கள் நெடுங்காலம் குப்பி விளக்கோடுதான் இருந்தன. பல பத்தாண்டுகள் கழித்தே மின்சாரம் அங்கே எட்டிப் பார்த்தது.

தாமதித்து வந்த அவ்விருந்தாளி பழைய வீட்டிலே வந்து தங்கியதனால் சில தொல்லைகளும் உடன் வந்தன. ஒரு விளக்குக்கென இழுத்த கம்பியிலிருந்து தொலைக்காட்சிக்கும், சோறு சமைக்கும் கலத்துக்கும், ஆடை அழுத்தும் பெட்டிக்கும் கிளைகள் பிரிந்தன. தகரக் கூரையை உராய்ந்து செல்லும் கம்பி, துணி உலர்த்தக் கட்டிய இரும்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பி, மாணிக்கக் குழியில் நீரிறைக்கும் இயந்திரத்துக்குச் சேற்றின் மேல் இழுத்துச் செல்லும் கம்பி – இவற்றோடு ஓயாத ஈரமும் சேர்ந்துவிட்டால் ஆபத்துக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை.

தவளைக்கால் சொன்ன செய்தி

தசைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை உலகுக்கு முதலில் எடுத்துக் காட்டியது ஓர் எளிய தவளை. இத்தாலி நாட்டுப் பொலோனா நகரிலே உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த லூயிஜி கல்வானி என்பார் 1780ஆம் ஆண்டளவில் தவளைகளை அறுத்து ஆராய்ந்து வந்தார். மின்பொறி எழுப்பும் யந்திரம் ஒன்று அறையில் இயங்கிக்கொண்டிருந்த வேளை, இறந்த தவளையின் கால் நரம்பைக் கத்தி தொட்டவுடன் அக்கால் உயிருள்ளது போல உதறிற்று. பின்னர், பித்தளைக் கொக்கியில் மாட்டிய தவளைக்கால்கள் இரும்புக் கம்பியிலே பட்டபோதும் அவ்வாறே துடித்தன. உயிர்களின் உடலிலேயே ஒருவகை மின்சாரம் உண்டு என்று முடிவு கட்டிய கல்வானி, 1791ஆம் ஆண்டிலே தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார்.

அதை மறுத்தெழுந்தவர் அதே நாட்டினரான அலெஸ்ஸாந்திரோ வோல்ற்றா. "மின்சாரம் தவளையில் இல்லை, இருவேறு உலோகங்கள் ஈரத்தின் வழியாகச் சேர்வதனால் பிறக்கிறது" என்பது அவர் கட்சி. அதை நிலைநாட்டும் முயற்சியிலேயே 1800ஆம் ஆண்டில் உலகின் முதலாவது மின்கல அடுக்கை அவர் படைத்தார். இன்று நம் கைவிளக்கில் இருக்கும் பற்றரி அதன் வாரிசு. வாதத்தில் வென்றவர் யார் என்று கேட்டால், இருவருமே பாதி பாதி வென்றனர் என்றே சொல்ல வேண்டும். உலோகங்களைப் பற்றி வோல்ற்றா சொன்னது மெய். உடலுக்குள் மின்சாரம் உண்டு என்று கல்வானி சொன்னதும் மெய்.

தசை சுருங்கும் விதம்

நமது தசை நுண்ணிய நார்களால் ஆனது. ஒவ்வொரு நாரின் உட்புறமும் வெளிப்புறத்தோடு ஒப்பிடுகையில் எதிர்மின் தன்மை உடையது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாடு ஏறக்குறைய 90 மில்லிவோல்ற்று. அதாவது, கைவிளக்குப் பற்றரி ஒன்றன் 1.5 வோல்ற்றில் பதினாறில் ஒரு பங்கு. நாரின் வெளியே சோடியமும் உள்ளே பொற்றாசியமும் மிகுந்திருக்குமாறு உடல் இடைவிடாது உழைத்து இவ்வேறுபாட்டைக் காத்து வருகிறது.

நாம் ஒரு குவளையை எடுக்க நினைக்கிறோம். மூளையிலிருந்து புறப்பட்ட செய்தி நரம்பின் வழியே மின்னலையாக ஓடி வந்து தசையின் வாயிலை அடைகிறது. அங்கே ஓர் இரசாயனப் பொருள் கசிகிறது; தசைநாரின் கதவுகள் திறக்கின்றன; சோடியம் உள்ளே பாய்கிறது. அம்மின்னலை நார் முழுவதும் பரவவே, உள்ளறைகளில் அடைபட்டிருந்த கல்சியம் வெளிப்படுகிறது. உடனே இருவகைப் புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல, தசை சுருங்குகிறது. இவ்வழுக்கும் முறையை 1954ஆம் ஆண்டிலே இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே கண்டு வெளியிட்டன. ஒன்றில் இருந்தவர் அன்ட்ரூ ஹக்ஸ்லி. மற்றொன்றில் இருந்தவர் ஹியூ ஹக்ஸ்லி. பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர்! கல்சியம் மீண்டும் உள்ளறைக்குள் சென்றடைந்ததும் தசை தளர்கிறது.

இங்கே நாம் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றே. நரம்புக்கும் தசைக்கும் தெரிந்த மொழி மின்சாரம். அச்செய்தி மூளையிலிருந்து வந்ததா, சுவரிலுள்ள துளையிலிருந்து வந்ததா என்று பகுத்தறியும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. சொந்த எசமானின் குரலைப் போலவே பேசும் கள்வன் கட்டளையிட்டால் வேலையாள் என்ன செய்வான்? கீழ்ப்படிவான். அதுவும் எசமானின் மெல்லிய குரலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உரத்த குரல் அது.

ஐம்பது சுற்றும் நூறு கட்டளையும்

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தமுள்ள ஆடலோட்டம். அது வினாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. ஒவ்வோர் ஊசலிலும் இருமுறை உச்சத்தை அடைகிறது. ஆகவே வினாடிக்கு நூறு தடவை தசையை அது தட்டி எழுப்புகிறது. ஒரு தசைநார் ஒருமுறை சுருங்கித் தளர்வதற்கு, ஏறத்தாழ வினாடியின் பத்திலொரு பங்கு நேரமாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது தளரத் தொடங்கு முன்னரே அடுத்த கட்டளை வந்துவிடுகிறது. அதற்குள் அதற்கடுத்ததும் வந்துவிடுகிறது. விளைவு என்ன? தனித்தனித் துடிப்புகள் ஒன்றோடொன்று இணைந்து இடையறாத ஒரே இறுக்கமாகின்றன. ஏற்புவலி நோயாளியின் தாடை கட்டிக்கொள்வதைப் பார்த்தவர்கள் இவ்விறுக்கம் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, கைக்கு வருவோம். முன்கையிலே விரல்களை மடக்கும் தசைகளும் உண்டு, விரிக்கும் தசைகளும் உண்டு. பற்றவும் சுமக்கவும் பழகிய கையாதலால் மடக்கும் தசைகளே வலிமை மிக்கவை. மின்சாரம் இருசாராரையும் ஒருங்கே முடுக்கிவிடுகிறது. வலியவர் வெல்கின்றனர், கை மூடிக்கொள்கிறது. மூடிய கைக்குள் கம்பி இருந்தால், அதை விட வேண்டும் என்று அவன் எவ்வளவு துடித்தாலும் விரல்கள் விரிவதில்லை. அவனுக்கு அறிவு தெளிவாகவே இருக்கலாம். நடப்பதெல்லாம் தெரியலாம். மூளையிலிருந்து "விடு, விடு" என்ற ஆணை போய்க்கொண்டேதான் இருக்கும். ஆனால் அவ்வாணையை அந்தப் பேரிரைச்சலுக்கிடையே கேட்பவர் யாருமில்லை. நெஞ்சுத் தசைகளும் இறுகிவிடுவதனால் வாய்விட்டு அலறவும் இயலாமற் போகலாம். அலறல் கேட்கவில்லையே என்று அடுத்த அறையிலிருப்போர் வாளாவிருப்பது இதனாலேதான்.

அப்படியாயின் தூக்கி எறிவது எதனால்? கம்பியை முழுக்கையாற் பற்றாமல் விரல் நுனியோ, புறங்கையோ, தோளோ பட்டிருக்கும். அல்லது மின்னழுத்தம் மிகப் பெரிதாய் இருந்து, முதல் அதிர்ச்சியிலேயே உடல் உதறுண்டிருக்கும். தொடையிலும் முதுகிலும் உள்ள பெருந்தசைகள் ஒரே கணத்தில் முழு வலிமையோடு சுருங்கும்போது மனிதன் தன்னையறியாமலே பாய்ந்து விழுகிறான். அவனை எறிந்தது அவனுடைய சொந்தக் கால்களே. இச்சுருக்கத்தின் வேகத்தினால் தோள்மூட்டு பின்புறமாக விலகுவதும், எலும்பு முறிவதும்கூட உண்டு. வெளியிலிருந்து யாரும் அடிக்கவில்லை. எலும்பை முறித்தது அதன்மேல் படிந்திருந்த தசையே.

இதற்கு மாறான வியப்பொன்றும் கேளுங்கள். சத்திரசிகிச்சை நிபுணர்கள் தசையை அறுக்கவும் குருதிக் கசிவை அடக்கவும் மின்கத்தி ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். நோயாளியின் உடலூடாக மின்சாரம் பாய்ந்தாலும் அவருடைய இதயம் நிற்பதில்லை. ஏனெனில் அம்மின்சாரம் வினாடிக்கு இலட்சக்கணக்கான முறை ஊசலாடுவது. அத்துணை விரைந்த பேச்சை நரம்பால் பின்தொடர முடியாது. வினாடிக்கு ஐம்பது என்னும் நம் வீட்டு மின்சாரமோ நரம்பின் செவிக்கு நன்றாகக் கேட்கும் குரலில் பேசுகிறது. அதிலேதான் அதன் கொடுமை அடங்கியிருக்கிறது.

எவ்வளவு பாய்ந்தால் ஆபத்து?

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா சர்வகலாசாலையில் மின்பொறியியற் பேராசிரியராக விளங்கிய சார்ல்ஸ் டால்சியல் என்பார், தாமாக முன்வந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு 1940களில் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். கம்பியைப் பற்றச் செய்து, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எந்த அளவு வரை கம்பியை அவர்களால் விட முடிகிறது என்று அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லியம்பியரும், பெண்களுக்கு 10.5 மில்லியம்பியரும் எல்லையெனக் கண்டார். சிறுவர்க்கு இவ்வெல்லை இன்னும் குறைவு. மில்லியம்பியர் என்பது அம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவுகளை நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு மில்லியம்பியர் அளவில் கூச்சம் தெரியும். பத்து, பதினைந்தில் கை பூட்டிக்கொள்ளும். இருபது, முப்பதைத் தாண்டினால் நெஞ்சுத் தசைகள் இறுகி மூச்சுத் தடைப்படும். ஐம்பது, நூறு என உயர்ந்து, ஒரு வினாடி அளவு நீடித்தால் இதயத்தின் ஒழுங்கே குலைந்துவிடக்கூடும். ஐந்து வாற்று மின்குமிழ் ஒன்று எரிய ஏறக்குறைய 22 மில்லியம்பியர் போதும். படுக்கையறையில் மங்கலாக எரியும் அச்சிறு விளக்கின் மின்னோட்டமே ஒருவருடைய மூச்சை நிறுத்த வல்லது என்றால், மின்சாரத்தை விளையாட்டாக எண்ணலாமா?

உடலில் எவ்வளவு பாயும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நமது தோலே. காய்ந்து காய்ப்பேறிய விரலால் மெல்லத் தொட்டால் தடை 50,000 ஓம் வரை இருக்கலாம். 230 வோல்ற்றை 50,000 ஓமால் வகுத்தால் 4.6 மில்லியம்பியர். திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொள்வோம், அவ்வளவே. அதே கை மழையில் நனைந்திருந்தால் தடை 1,000 ஓமாகக் குறைந்துவிடலாம். அப்போது பாய்வது 230 மில்லியம்பியர்! வீடும் அதுவே, கம்பியும் அதுவே, ஆளும் அவனே. இடையிலே வந்தது ஈரம் ஒன்றுதான். மேலும், பிடி இறுக இறுகத் தோலுக்கும் கம்பிக்கும் உள்ள தொடுகை அகலுகிறது, வியர்வை ஊறுகிறது, தோல் வெந்து அதன் தடை விழுகிறது. பிடி இறுகுவதனால் மின்சாரம் கூடுகிறது. மின்சாரம் கூடுவதனால் பிடி இறுகுகிறது. இந்தச் சுழலிலிருந்து தானாக வெளிவருவது அரிது.

"பியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து அம்பியர் பியூஸ் எரிவதற்கு ஐயாயிரம் மில்லியம்பியருக்கும் மேல் பாய வேண்டும். அதற்குள் மனிதன் பலமுறை இறந்திருப்பான். பியூஸ் கம்பியைக் காக்கப் பிறந்தது. மனிதனைக் காக்கப் பிறந்தது "ட்ரிப் சுவிட்ச்". வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. 30 மில்லியம்பியர் குறைந்தாலும், அது எவர் உடல் வழியாகவோ நிலத்துக்குப் போகிறது என்று உணர்ந்து, வினாடியின் மூன்றிலொரு பங்கு நேரத்துக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது.

தேரும் வடமும்

உடலிலே ஒருகணமும் ஓயாத தசை ஒன்றுண்டு. அதுவே இதயம். கோவில் தேரை இழுக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குரல் எழும்பியதும் எல்லோரும் ஒருசேர வடத்தை இழுத்தால் தேர் நகரும். ஆளுக்கொரு நேரத்தில் ஆளுக்கொரு பக்கமாக இழுத்தால், எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டுமே தவிர, தேர் இம்மியும் அசையாது. வெளிமின்சாரம் நெஞ்சின் வழியே பாயும்போது இதயத்தின் நார்களுக்கு நேர்வதும் இதுவே. அவை ஒழுங்கிழந்து தனித்தனியே நடுங்குகின்றன; குருதி ஓட்டம் நின்றுவிடுகிறது. ஒரு கையிலிருந்து மறுகைக்கோ, கையிலிருந்து காலுக்கோ மின்சாரம் பாய்ந்தால் அதன் வழியிலே நெஞ்சு அகப்பட்டுக்கொள்கிறது.

வியப்பு என்னவெனில், இந்நோயைத் தந்த மின்சாரமே இதற்கு மருந்துமாயிற்று. 1899ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து விஞ்ஞானிகள் பிரெவோ, பத்தெல்லி என்னும் இருவர், நடுங்கும் இதயத்தின் மேல் இன்னும் வலிய மின்னதிர்ச்சியைச் செலுத்தினால் அது மீண்டும் ஒழுங்காகத் துடிப்பதை விலங்குகளில் கண்டனர். 1947ஆம் ஆண்டில் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் குளோட் பெக், சிகிச்சையின்போது இதயம் நின்றுபோன பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனை அம்முறையால் பிழைக்க வைத்தார்.

மின்கம்பிகளில் வேலை செய்யும் தொழிலாளர் பலர் மாண்டு வந்தமையால், அதற்குப் பரிகாரம் தேடப் புறப்பட்டவர்களுள் ஒருவர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையின் வில்லியம் கூவன்ஹோவன். அவர் வைத்தியரல்லர், மின்பொறியியலாளர். அவருடைய ஆராய்ச்சிச்சாலையில், அதிர்ச்சி கொடுக்கும் கனத்த தட்டுகளை நாயின் மார்பிலே வைத்து அழுத்தியபோது, அவ்வழுத்தத்தினாலேயே அதன் இரத்த அழுத்தம் சற்று உயர்வதை உடன் உழைத்த இளைஞர் நிக்கர்பொக்கர் கவனித்தார். அதிலிருந்து மலர்ந்ததே, நெஞ்சின் மேல் இரு கைகளாலும் அழுத்தி உயிர் காக்கும் முறை. 1960ஆம் ஆண்டு அது வெளியிடப்பட்டது. யந்திரமில்லாத ஊரிலும், வைத்தியர் இல்லாத வேளையிலும், இரண்டு கைகள் உள்ள எவரும் செய்யக்கூடிய சிகிச்சை அது.

கண்ணுக்குத் தெரியாத காயம்

மின்சாரம் பாய்ந்த இடத்தில் தோலிலே சிறு கரும்புள்ளி மட்டும் இருக்கும். "பெரிய காயமில்லை" என்று மஞ்சள் அரைத்துப் பூசி வீட்டிலேயே இருந்துவிடுவோர் உண்டு. அது பெருந்தவறு. தோலைத் தாண்டிய மின்சாரம் உள்ளேயுள்ள தசைகளின் வழியே ஓடுகையில் அவற்றை வேக வைக்கிறது. எலும்பை ஒட்டிய ஆழமான தசை, மேலே உள்ளதைவிட அதிகமாக வெந்திருக்கக்கூடும். சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் குருதியிலே கலந்து சிறுநீரகங்களை அடைக்கிறது. சிறுநீர் கறுத்த தேயிலைச் சாயம் போல் போகுமானால் அது அபாயக் குறி. இதயத் துடிப்பின் ஒழுங்கும் பின்னர் பிசகக்கூடும். ஆதலால் மின்சாரம் பலமாகப் பிடித்தவர் எழுந்து நடந்தாலும் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே முறை.

பன்றிக்கு இழுத்த கம்பி

தோட்டங்களையும் கிராமங்களையும் அடுத்த காடுகளிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி வந்து மரவள்ளியையும் வற்றாளையையும் கிளறிப் போடுவதை அறியாதார் இல்லை. பாடுபட்டவனுக்குக் கோபம் வருவது இயல்பே. ஆனால் அதற்காக வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியில் இழுத்து வேலியாகக் கட்டுவது சட்டத்துக்கு மாறானது, நீதிக்கும் மாறானது. இத்தகைய கம்பிகளில் அகப்பட்டு நம் நாட்டிலே யானைகளும் மாண்டிருக்கின்றன, மனிதர்களும் மாண்டிருக்கின்றனர். சிலவேளைகளில் கம்பியைக் கட்டியவரே அதற்கு இரையாகியிருக்கிறார்.

"யானை வேலியிலும் மின்சாரம் ஓடுகிறதே, அது கொல்வதில்லையே" என்று வாதிப்பவர்க்குத் தசையின் இயல்பே விடை தரும். முறைப்படி அமைத்த யானை வேலியில் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ற்று. எனினும் அது வினாடிக்கு ஒருமுறை அளவில், கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய துடிப்பாக வந்து போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே தசை தளர்ந்து, தொட்ட உயிர் விலகிவிடுகிறது. வீட்டு மின்சாரமோ 230 வோல்ற்றேயாயினும், தளர இடம் கொடாமல் பிடித்தபடியே இருக்கிறது. அங்கே அடி, இங்கே பிடி. கொல்வது பிடியே.

வானத்து மின்சாரம்

சித்திரையை ஒட்டிய மாதங்களிலும் ஐப்பசியிலும் சபரகமுவ மலைகளில் பிற்பகல் இடி முழங்குவது வழக்கம். மின்னலின் மின்னோட்டம் பல்லாயிரம் அம்பியர். ஆனால் பாயும் நேரம் வினாடியின் மிகச் சிறு கூறு. அதன் பெரும்பகுதி உடலின் மேற்புறமாகவே வழிந்து போய்விடுவதும் உண்டு. அதனால் மின்னல் தாக்கிய எல்லோரும் இறப்பதில்லை, பெரும்பாலோர் பிழைக்கின்றனர். சிலருக்குக் கால்கள் சில மணி நேரம் மரத்துச் செயலற்றுக் கிடந்து பின்னர் மீளும்.

இங்கே அறிய வேண்டிய முக்கியமான செய்தி ஒன்றுண்டு. மின்னலால் நின்ற இதயம் சிலவேளை தானாகவே மீண்டும் துடிக்கத் தொடங்கும். ஆனால் மூச்சு உடனே மீள்வதில்லை. மூச்சில்லாமையால் இதயம் இரண்டாம் முறை நின்றுவிடுகிறது. ஆகவே கொழுந்து மலையில் பலர் ஒருங்கே தாக்குண்டு கிடந்தால், முனகுகிறவர்களை விட்டு, அசைவற்றுக் கிடப்பவரையே முதலில் கவனிக்க வேண்டும். முனகுகிறவர் பிழைத்துக்கொள்வார், பேசாது கிடப்பவருக்கே நம் கைகள் தேவை. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் நம்மையும் தாக்கும் என்பது வீண் அச்சம். சாணத்திலும் மண்ணிலும் புதைத்து வைத்தால் மின்சாரம் இறங்கும் என்று இந்தியாவின் சில கிராமங்களில் நம்புகின்றனர். அதனால் இறங்குவது மின்சாரமன்று, கிடைத்தற்கரிய நிமிடங்களே.

கண்ட மாத்திரத்தில் செய்ய வேண்டியது

கம்பியில் ஒட்டிக்கொண்டு நிற்பவன் பெற்ற பிள்ளையாயின், தாயின் கை தானாகவே அவனைப் பற்றப் பாயும். அன்பின் இயல்பு அது. ஆயினும் அவ்வாறு பற்றிய கையும் பூட்டிக்கொள்ளும். ஒரு வீட்டிலே இரண்டு சவம் விழுவது இப்படித்தான். ஆதலால் முதலில் ஓட வேண்டியது பிள்ளையிடம் அன்று; மெயின் சுவிட்சிடம். அதை நிறுத்த இயலாவிடின், உலர்ந்த பலகையின் மேல் நின்று, உலர்ந்த மரத்தடியால் கம்பியையோ கையையோ தட்டி விலக்க வேண்டும். பச்சைக் கொம்பும், நனைந்த தடியும், இரும்புக் கோலும் உதவா. இறப்பர் மின்சாரத்தைத் தடுப்பது உண்மையே. நம் மரங்களிலிருந்து வடியும் பாலே மின்தொழிலாளரின் கையுறையாகிறது. ஆனால் தேய்ந்து நனைந்த செருப்பை அக்கையுறையென்று நம்பிவிடக் கூடாது. வீதியோரத்துப் பெருங்கம்பி அறுந்து விழுந்திருந்தால் தடியும் பயன்படாது. எவரையும் நெருங்கவிடாமல் தூர நிறுத்தி, மின்சாரப் பகுதியினர் வரும்வரை காவல் இருக்க வேண்டும்.

மின்சாரம் நீங்கியபின் தாக்குண்டவர் அழைத்தும் அசையாமல், மூச்சும் இல்லாமல் கிடந்தால், ஒருவர் 1990 என்ற எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்கட்டும். மற்றவர் அவரை உறுதியான தரையில் மல்லாத்திக் கிடத்தி, மார்பின் நடுவிலே ஒரு கையின் மேல் மறுகையை வைத்து, குறைந்தது ஐந்து சென்ரிமீற்றர் தாழுமாறு, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு மீண்டும் எழ இடம் கொடுக்க வேண்டும். முறை தெரிந்தவர் முப்பது அழுத்தலுக்கு இருமுறை வாயோடு வாய் வைத்து மூச்சும் ஊதலாம். கை ஓய்ந்தால் ஆள் மாறலாமேயன்றி, வண்டி வரும்வரை அழுத்துவதை நிறுத்தலாகாது.

மாணவர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். அம்மாவையும், பாட்டியையும், தம்பி தங்கையரையும் அழைத்து, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்பக்கம் தள்ளினால் மின்சாரம் நிற்கும் என்று காட்டுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதில் சோதனைக்கென அமைந்த சிறு பொத்தானை அப்பா முன்னிலையில் அழுத்திப் பாருங்கள். உடனே விழுந்தால் அது விழித்திருக்கிறது, விழாவிட்டால் உறங்குகிறது. உறங்கும் காவலாளியை மாற்ற மின்வேலை கற்ற ஒருவரை அழையுங்கள். கொல்லையில் துணி உலர்த்தும் கம்பியின் அருகே மின்கம்பி எதுவும் செல்கிறதா என்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள். மழை தொடங்குமுன் இவற்றைச் செய்து முடிக்க அரைமணி நேரம் போதும்.